மாற்றுப் பெண் தருவதாக ஓர் உத்தரவாதம்: சுங்கை சிப்புட்டில் ஒரு திருமண ஏற்பாட்டுச் சேவை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில், மளிகைக் கடையும் பாத்திரக் கடையும் அடுத்தடுத்து இருக்கும் ஒரு கடைவரிசையின் மாடியில், வெளிநாட்டுப் பெண்களை நம் ஊர் ஆண்களுக்கு மணமுடித்து வைக்கும் அலுவலகம் ஒன்று இயங்கி வருகிறது. என் தம்பிக்காக நான் அங்கே மூன்று முறை சென்றேன். முன்பணமாக 1,500 ரிங்கிட் கட்டினோம். அங்கே பணம் கட்டுகிறவருக்கு என்ன தரப்படுகிறது, அதற்காக எங்கோ ஒரு பெண் எதை இழக்கிறாள் என்பதை, அதே படிகளில் ஏற நினைக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. பெயர் மாறினாலும் இந்தத் தொழில் நடக்கும் முறை மாறுவதில்லை.

தம்பிக்கு வயது 43. செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் பகுதியில் வேலை செய்கிறான். குடிப்பழக்கம் கிடையாது, கடன் கிடையாது. தோட்டத்து லயங்களை இடித்த பிறகு எங்களுக்குக் கிடைத்த மலிவு விலை வீட்டில், அம்மா இறந்தபின் நான்கு ஆண்டுகளாகத் தனியே சமைத்துச் சாப்பிடுகிறான். பதினொரு வீடுகளில் பெண் பார்த்தோம். ஆலை வேலை, இரவு முறை, சிறிய ஊர் என்று கேட்டதும் பெண் வீட்டார் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுகிறார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். அவர்கள் போனது சரிதான். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்த முப்பது ஆண்டுகளும் படித்து முன்னேறுங்கள் என்று சொல்லி அனுப்பியவள் நான்தான். ஆனால் இங்கே தங்கிவிட்ட ஆண்கள் நாற்பதைக் கடந்தபின் எவ்வளவு தனித்துப் போகிறார்கள் என்பதையும் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். அந்த அலுவலகத்தின் வாடிக்கையாளர்கள் இவர்கள்தாம். மனைவியை இழந்தவர்களும், படுத்த படுக்கையாகிவிட்ட தாயைக் கவனிக்க ஆள் தேடுகிறவர்களும் அங்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரையும் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அலுவலகம் சுத்தமாக இருக்கிறது. மேலாளர் ஐம்பது வயது மதிக்கத்தக்க தமிழ்ப் பெண்மணி. எங்களை உட்கார வைத்து, தேநீர் வரவழைத்து, "டீச்சர், அவசரமே இல்ல, பொறுமையா பாருங்க" என்று அன்பாகப் பேசினார். நாங்கள் முன்பு போயிருந்த தரகர்கள் எவரும் செய்யாத ஒன்றையும் அவர் செய்தார்: மொத்தக் கட்டணத்தைக் கேட்டவுடன் எழுதிக் கொடுத்தார். 28,000 ரிங்கிட். வியட்நாமின் ஹோ சி மின் நகரத்துக்குப் போய்வர விமானச் சீட்டு, ஐந்து நாள் தங்கும் செலவு, பெண் பார்க்கும் ஏற்பாடு, பெண்ணுக்கு மருத்துவப் பரிசோதனை, புகைப்படம், பட்டுப்புடவை, இங்கே கோயிலில் தாலி கட்டும் செலவு எல்லாம் அதில் அடக்கம். பெண்ணின் பெற்றோருக்கு அன்பளிப்பு 2,000 ரிங்கிட் என்று கடைசி வரியில் இருந்தது. மொத்தத்தில் அது பதினான்கில் ஒரு பங்கு. மீதி பதின்மூன்று பங்கும் செலவுகளுக்கும் இடையில் நிற்கிறவர்களுக்கும் போகிறது என்பதை நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஓர் உரிமம் மாட்டியிருந்தது. அரசாங்க முத்திரை இருந்ததால் தம்பிக்கு நிம்மதியாக இருந்தது. எழுந்து அருகில் போய்ப் படித்தேன். வேலைக்கு ஆள் சேர்த்துவிடும் தனியார் முகவர்களுக்கு 1981 ஆம் ஆண்டுச் சட்டப்படி வழங்கப்படும் உரிமம் அது. திருமணத்தோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. கேட்டபோது மேலாளர் மறைக்கவில்லை: முன்பு வீட்டுப் பணிப்பெண்களை வரவழைத்துக் கொடுத்ததாகவும், அதில் வரி, காப்புறுதி, பிணைப்பணம் என்று தொல்லை கூடிவிட்டதால் இந்தப் பக்கம் வந்துவிட்டதாகவும் சொன்னார். அப்போது அந்தப் பதிலை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒப்பந்தத் தாளைப் படித்த பிறகுதான் அதன் பொருள் விளங்கியது.

பெண்களைக் காட்டும் முறையைச் சொல்ல வேண்டும். ஒரு தடித்த படத்தொகுப்பைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பெண்ணின் படம், அதன்கீழ் ஓர் எண். பெயர் இல்லை. வயது, உயரம், எடை, நிறம், உடன்பிறந்தோர் எண்ணிக்கை, சமைக்கத் தெரியுமா, முதியவர்களைக் கவனித்த அனுபவம் உண்டா, கன்னித்தன்மைக்கு மருத்துவச் சான்று உண்டா என்னும் கட்டங்கள். பக்கத்தில் அக்கா நான் இருக்கும்போது இந்தக் கடைசிக் கட்டத்தைத் தம்பியால் படிக்க முடியவில்லை. அவன் புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்துவிட்டான். மாப்பிள்ளையைப் பற்றி அவர்கள் கேட்டதோ பெயர், தொழில், மைகார்டு அடையாள அட்டையின் நகல், மாதச் சம்பளம், அவ்வளவுதான். அவனுக்கு நோய் உண்டா, முன்பு மணமானவனா, மனைவியை அடித்தவனா, குற்ற வழக்கு உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவனிடம் கேட்கப்படாததால் அவளுக்கும் அது சொல்லப்படப் போவதில்லை.

இந்தக் கேள்விகளைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைத் தென்கொரியா ஓர் உயிரைப் பறிகொடுத்துத் தெரிந்துகொண்டது. 2010 ஜூலையில், பூசான் நகருக்கு மணமாகி வந்த இருபது வயது வியட்நாமியப் பெண்ணை, வந்த எட்டாம் நாள் கணவர் கொன்றுவிட்டார். அவர் நெடுங்காலம் மனநோய்ச் சிகிச்சையில் இருந்தவர். தரகு நிறுவனம் அதைப் பெண்ணிடம் சொல்லவில்லை. திருமணத் தரகுத் தொழிலை முறைப்படுத்த அந்த நாட்டில் 2007 இல் இயற்றிய சட்டம் ஏற்கெனவே இருந்தது. அந்தச் சாவுக்குப் பிறகே, இருவருடைய உடல்நிலை, முந்தைய திருமணம், தொழில், குற்றப் பின்னணி ஆகியவற்றை எழுத்தில், அவரவருக்குப் புரியும் மொழியில், சந்திப்புக்கு முன்பே கொடுக்க வேண்டும் என்னும் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. சுங்கை சிப்புட்டில் நான் பார்த்த விண்ணப்பத் தாள் அந்தத் திருத்தத்துக்கு முந்தைய கொரியாவில் இருந்து வந்ததுபோல் இருந்தது.

ஒப்பந்தம் நான்கு பக்கம். வீட்டில் வைத்துப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லி வாங்கி வந்தேன். மலாயில் இருந்தது. ஏழாம் விதியைக் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை படித்தேன். வந்த நாளில் இருந்து 90 நாள்களுக்குள் பெண் ஓடிவிட்டாலோ, வீட்டு வேலை செய்ய மறுத்தாலோ, குடும்பத்தாரோடு ஒத்துப்போகாவிட்டாலோ, ஒரு முறை மாற்றுப் பெண் இலவசமாக ஏற்பாடு செய்து தரப்படும்; விமானச் செலவு மட்டும் வாடிக்கையாளருடையது. ஒன்பதாம் விதி, பெண்ணின் கடப்பிதழை, அதாவது பாஸ்போர்ட்டை, கணவரோ நிறுவனமோ வைத்திருக்க வேண்டும் என்றும், அவள் கையில் கொடுத்தால் உத்தரவாதம் செல்லாது என்றும் சொன்னது. பணிப்பெண்களை வரவழைத்த காலத்தில் வைத்திருந்த ஒப்பந்தத்தில் பணிப்பெண் என்ற இடத்தில் மனைவி என்று மாற்றி அச்சடித்திருக்கிறார்கள். பன்னிரண்டாம் விதியில் மாற்ற மறந்துபோய், முதலாளி என்ற சொல் அப்படியே இருந்தது.

இந்தச் சேவையைப் பற்றி நான் சொல்ல வந்தது இந்த ஏழாம் விதிக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு தரகர் நல்ல குடும்பத்தைக் காட்டலாம், பொருத்தம் பார்க்கலாம், இரு வீட்டாரையும் பேச வைக்கலாம். ஒரு பெண் 90 நாள் வீட்டைவிட்டுப் போக மாட்டாள் என்று எந்தத் தரகராலும் உறுதி கொடுக்க முடியாது; அது அவள் மனத்தைப் பொறுத்தது. அந்த உறுதியைப் பணத்துக்கு விற்க வேண்டுமென்றால், அவள் நினைத்தாலும் போக முடியாதபடி எங்கோ ஒரு கட்டு போட்டிருக்க வேண்டும். அந்தக் கட்டு மூன்று இழைகளால் ஆனது என்பதை அடுத்த இரண்டு வாரங்களில் தெரிந்துகொண்டேன்.

முதல் இழை ஒன்பதாம் விதியில் சொன்ன கடப்பிதழ். பிறருடைய கடப்பிதழைச் சட்டப்படியான அதிகாரம் இல்லாமல் வைத்திருப்பது நம் நாட்டின் 1966 ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். கணவன் என்பதால் அவனுக்கு அந்த அதிகாரம் வந்துவிடாது. அதாவது, குற்றம் செய்தால்தான் உத்தரவாதம் செல்லும் என்று தம்பியிடம் கையொப்பம் கேட்டார்கள்.

இரண்டாம் இழை நாள்கணக்கு. வியட்நாமியர்கள் விசா இல்லாமல் 30 நாள் இங்கே தங்கலாம். பெண்ணைச் சுற்றுலாப் பயணியாக அழைத்து வந்து, முதல் வாரத்திலேயே கோயிலில் தாலி கட்டிவிட்டு, பதிவுத் திருமணத்தை "அப்புறம் மெதுவா" பார்த்துக்கொள்ளலாம் என்பது மேலாளரின் யோசனை. முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்களுக்கான 1976 ஆம் ஆண்டுச் சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது. இருவரும் அந்தந்த வட்டாரத்தில் 7 நாள் தங்கியிருந்து பதிவதிகாரிக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பு 21 நாள் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். கூட்டினால் 28. முப்பதில் மிஞ்சுவது இரண்டே நாள். ஒரு தாள் குறைந்தாலும், தூதரகச் சான்று தாமதமானாலும் காலம் கடந்துவிடும். பதிவுச் சான்றிதழ் இல்லாமல் குடிநுழைவுத் துறையில் மனைவிக்கான நீண்டகால அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியாது. முப்பத்தொன்றாம் நாள் காலையில் அவள் சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவள் ஆகிவிடுகிறாள். அதன்பிறகு கணவன் அடித்தாலும் அவள் காவல் நிலையத்துக்குப் போகப் பயப்படுவாள். பதிவு செய்து அனுமதி வாங்கிய மனைவிக்கும் முழு விடுதலை இல்லை; அந்த அனுமதிக்குக் கணவனே பொறுப்பாளர், அவன் வந்து கையொப்பமிட்டால்தான் புதுப்பிப்பு.

மூன்றாம் இழையை எங்கள் ஊர்ச் சந்தையில் காய்கறி விற்கும் ஒரு வியட்நாமியப் பெண்ணின் உதவியால்தான் காண முடிந்தது. அவர் சீனக் கடைக்காரர் ஒருவரை மணந்து நீண்ட காலமாக இங்கே வாழ்கிறவர். மலாய் நன்றாகப் பேசுவார். என்னை, மலாயில் ஆசிரியரை அழைப்பதுபோல், 'சிக்கு' என்று அழைப்பார். அவர் திருமணமும் நாடு கடந்த திருமணம்தான். ஈப்போ தொழிற்சாலையில் வேலை பார்த்த அத்தை மூலம் அறிமுகமாகி, ஓராண்டு தொலைபேசியில் பேசி, அவர் கணவர் இரண்டு முறை அங்கே போய்ப் பெற்றோரைப் பார்த்து, பிறகு பதிவு செய்துகொண்டது. அவருடைய கடப்பிதழ் அவருடைய அலமாரியில் இருக்கிறது, சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. எல்லை கடந்து நடக்கும் திருமணங்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இரண்டாம் முறை அலுவலகத்துக்குப் போனபோது அவரையும் அழைத்துச் சென்றேன். 17 ஆம் எண்ணுள்ள பெண்ணோடு காணொளியில் பேச ஏற்பாடு செய்திருந்தார்கள். மறுமுனையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். பெண் ஏதோ நீளமாகச் சொன்னாள். "மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருக்கிறதாம்" என்று அவர் முடித்துக்கொண்டார். என் பக்கத்தில் இருந்தவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அவர் திரைக்கு முன்னால் வந்து, தம் மொழியிலேயே அந்தப் பெண்ணிடம் பேசத் தொடங்கினார். ஏறக்குறைய நான்கு நிமிடம் பேசினார்கள். பிறகு இணைப்புப் போய்விட்டது. இணையம் சரியில்லை என்றார் மேலாளர்.

கீழே இறங்கி, கோப்பிக் கடையில் உட்கார்ந்து, அந்த நான்கு நிமிடத்தில் கேட்டதை அவர் சொன்னார். பெண்ணுக்கு இருபது வயது. மெக்கோங் ஆற்றுப் பகுதியில் நெல் விவசாயக் குடும்பம். மாப்பிள்ளைக்கு 32 வயது என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். தோட்டப் புறத்தில் வேலை என்று நாங்கள் எழுதிக் கொடுத்தது, அங்கே போய்ச் சேர்வதற்குள் தோட்டத்துக்குச் சொந்தக்காரர் என்று ஆகியிருக்கிறது. ஹோ சி மின் நகரத்தில் ஒரு வீட்டில் ஒன்பது பெண்களோடு தங்க வைத்திருக்கிறார்கள். சோறு, வாடகை, துணி, மருத்துவப் பரிசோதனை எல்லாம் அவள் கணக்கில் எழுதப்படுகின்றன. அவள் வேண்டாம் என்று சொன்னால் அந்தக் கணக்கையும், தகப்பனாருக்குக் கொடுத்த முன்பணத்தையும் குடும்பம் திருப்பித் தர வேண்டும். மூன்றாம் இழை இந்தக் கடன்தான். ஏற்கெனவே இரண்டு ஆண்களுக்கு முன்னால் அவளை நிறுத்திவிட்டார்கள். மூன்றாமவன் என் தம்பி. இணைப்புப் போவதற்கு முன் அவள் கேட்ட கடைசிக் கேள்வி எங்களைப் பற்றியதே இல்லை. "அக்கா, உங்களை ஊருக்குப் போக விடுகிறார்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

தம்பி அன்று இரவு சாப்பிடவில்லை. "நம்மாலயா அக்கா அவளுக்கு இப்படி?" என்றான். அந்தக் கேள்விக்கு அவனுக்கு மட்டும் இல்லாமல் எனக்கும் பதில் வேண்டியிருந்தது. அதனால்தான் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன்.

மறுக்கும் உரிமை இல்லாத ஒரு பெண்ணை, அவளுடைய பெற்றோருக்கோ காப்பாளருக்கோ பணமோ பொருளோ கொடுத்து மணமுடிப்பது அடிமைமுறையை ஒத்த வழக்கம் என்று ஐக்கிய நாடுகள் சபையின் 1956 ஆம் ஆண்டு உடன்படிக்கை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே வரையறுத்துவிட்டது. 2000 இல் அதே சபையில் நிறைவேறிய பலெர்மோ நெறிமுறை மனிதக் கடத்தலுக்கு மூன்று உறுப்புகளைக் கூறுகிறது: ஆளைச் சேர்ப்பது, கொண்டு செல்வது, ஒப்படைப்பது போன்ற செயல்; மிரட்டல், ஏமாற்று, இக்கட்டான நிலையைப் பயன்படுத்துதல் போன்ற வழி; சுரண்டல் என்னும் நோக்கம். அந்த வரையறையில் திருமணம் என்னும் சொல் இல்லை. ஆனால் சுரண்டலின் வகைகளில் அடிமைமுறையை ஒத்த வழக்கங்களும் இருப்பதால், 1956 இன் கதவு வழியாக விற்கப்பட்ட மணமகளும் அதற்குள் வந்துவிடுகிறாள். மலேசியா 2007 இல் இயற்றிய மனிதக் கடத்தல் தடுப்புச் சட்டமும் அதே சொற்றொடரைப் பயன்படுத்துகிறது. 2022 இல் வந்த திருத்தம் வரையறையை விரித்தது: வற்புறுத்தல் மட்டும் இல்லாமல், மோசடி, ஏமாற்று, ஒருவரின் இக்கட்டைப் பயன்படுத்துதல், அவர்மீது கட்டுப்பாடு உள்ளவருக்குப் பணம் கொடுத்துச் சம்மதம் வாங்குதல் ஆகியவையும் இப்போது அதில் உள்ளன. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்பது அந்தச் சட்டத்தில் தற்காப்பு ஆகாது. குற்றத்துக்கு 15 ஆண்டு வரை சிறை.

எங்கள் ஒப்பந்தத்தை வைத்து இது கடத்தல் என்று தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் வயதையும் தொழிலையும் மாற்றிச் சொன்னது ஏமாற்று என்பதற்கும், தகப்பனாருக்குக் கொடுத்த முன்பணம் எதை வாங்கக் கொடுக்கப்பட்டது என்பதற்கும் எனக்கு நீதிபதி தேவையில்லை.

இந்தத் தொழிலைத் தடுக்க ஒவ்வொரு நாடும் ஒரு வழியை முயன்று பார்த்திருக்கிறது. பிலிப்பைன்ஸ் 1990 இலேயே தன் பெண்களை வெளிநாட்டாருக்குத் தரகு மூலம் மணமுடித்து வைப்பதைக் குற்றமாக்கியது. இணையம் வந்து பழைய சட்டத்தை ஏமாற்றியதால் 2016 இல் புதிய சட்டம் கொண்டுவந்தது. தைவான் 2007 இல் தன் குடிநுழைவுச் சட்டத்தைத் திருத்தி, இலாப நோக்குள்ள தரகையும் அதற்கான விளம்பரத்தையும் தடை செய்தது. வியட்நாமிலும் இலாபத்துக்குத் திருமணத் தரகு செய்வது தடை. ஆகவேதான் அந்த ஒன்பது பெண்களும் பெயர்ப்பலகை இல்லாத ஒரு வீட்டில் இருக்கிறார்கள். கம்போடியா 2008 இல் வெளிநாட்டாருடனான திருமணங்களைச் சில மாதங்கள் நிறுத்தி வைத்தது. 2011 இல், ஐம்பது வயதைக் கடந்த வெளிநாட்டு ஆண்களும் மாதம் ஏறக்குறைய 2,500 அமெரிக்க டாலருக்குக் குறைவாகச் சம்பாதிப்பவர்களும் தன் நாட்டுப் பெண்களை மணக்க முடியாது என்று விதித்தது. இந்தக் கம்போடிய விதி எனக்குப் பிடிக்கவில்லை. ஏழையாகவும் வயதானவனாகவும் இருப்பது குற்றம் ஆகாது. பணக்காரன் வாங்கினால் அது வாங்குதல் இல்லை என்றும் ஆகாது. தடை மட்டும் போட்டால் தரகர் தெருவில் இருந்து வீட்டுக்குள் போய்விடுகிறார். கொரியாவைப் போலத் தொழிலைப் பதிவு செய்ய வைத்து, எழுத்தில் உண்மை சொல்ல வைப்பதே பெண்ணுக்கு ஓரளவாவது பயன் தருகிறது என்பது என் எண்ணம்.

வாங்குகிறவரைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதும் முக்கியம். சீனாவில் நெடுங்காலம் நீடித்த ஒரே குழந்தைக் கொள்கையாலும் ஆண் பிள்ளை ஆசையாலும் பெண்கள் குறைந்துபோய், மியன்மாரின் கச்சின், ஷான் மாநிலங்களில் இருந்தும் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளில் இருந்தும் பெண்கள் கொண்டுபோய் விற்கப்படுகிறார்கள். அந்த நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் பெண்ணை விற்பவருக்கு ஐந்தாண்டில் இருந்து மேலே தண்டனை போகிறது; வாங்குகிறவருக்கு அதிகபட்சமே மூன்றாண்டு. வாங்குபவர் இருக்கும்வரை விற்பவர் இருப்பார் என்பது காய்கறிச் சந்தைக்குத் தெரியும்.

உலக அளவில் 2021 ஆம் ஆண்டுக் கணக்குப்படி கட்டாயத் திருமணத்தில் வாழ்பவர்கள் 2 கோடியே 20 இலட்சம் என்று அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் அதன் கூட்டாளிகளும் மதிப்பிட்டனர். அவர்களில் பெரும்பாலானோரை அந்த நிலைக்குத் தள்ளியவர்கள் சொந்தக் குடும்பத்தார். அமெரிக்க வெளியுறவுத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் மனிதக் கடத்தல் அறிக்கை 2021 இலும் 2022 இலும் மலேசியாவைக் கடைசித் தட்டில் வைத்தபோது, பேச்செல்லாம் கையுறைத் தொழிற்சாலைகளையும் செம்பனைத் தோட்டங்களையும் பற்றியே இருந்தது. தொழிற்சாலைக்குள் ஆய்வாளர் போகலாம். கட்டிக்கொண்டு வந்த பெண் இருக்கும் வீட்டுக்குள் யார் போவது?

இந்த ஊரில் இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் பாட்டன் பாட்டிமாரைக் கங்காணிகள் இப்படித்தான் கொண்டுவந்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தரகு. ஊரில் குடும்பத்துக்கு முன்பணம். கப்பல் கூலியும் சோற்றுக் காசும் கணக்கில் ஏற்றப்பட்டுச் சம்பளத்தில் கழிக்கப்படும். மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910 இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை 1938 இல் இந்தியா தடை விதித்தபோதுதான் முடிந்தது. தோட்டத்தை விட்டுப் போன ஆளை அந்தக் காலத்தில் 'ஓடிப்போனவன்' என்றே சொன்னார்கள். பிடித்து வந்து தண்டிக்கச் சட்டமும் இருந்தது. ஏழாம் விதியில் அதே சொல் இருந்தது. மனைவி கோபித்துக்கொண்டு போகலாம், பிரிந்து போகலாம், தாய் வீட்டுக்குப் போகலாம். ஓடிப்போவதற்கு அவள் முதலில் யாருக்கோ உடைமையாக இருக்க வேண்டும். சுங்கை பட்டாணியில் தோட்டப் புறத்தில் பிறந்து வளர்ந்த ஐரீன் பெர்னாண்டஸ் 1991 இல் தெனாகனித்தா அமைப்பைத் தொடங்கி, 2014 இல் மறையும்வரை வெளிநாட்டுத் தொழிலாளருக்காகவும் கடத்தப்பட்ட பெண்களுக்காகவும் நீதிமன்றப் படியேறியதற்கு, அந்தச் சொல்லை நம்மவர்கள் அறிந்தவர்கள் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இத்தகைய சேவையை நாடும் குடும்பங்களுக்கு நான் சொல்லக் கூடியது, பணம் கட்டுவதற்கு முன் உங்கள் சொந்த மொழிபெயர்ப்பாளரை அழைத்துப் போய், தரகர் இல்லாத இடத்தில் பெண்ணோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். அவள் வேண்டாம் என்றால் அவள் குடும்பம் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கேளுங்கள். திரும்பிப் போகும் விமானச் சீட்டு அவள் பெயரில், அவள் கையில் இருக்குமா என்று கேளுங்கள். மாற்றுப் பெண் என்னும் சொல் ஒப்பந்தத்தில் எங்கே இருந்தாலும் அங்கேயே எழுந்துவிடுங்கள். ஏற்கெனவே இப்படி வந்து ஒரு வீட்டில் அடைபட்டிருக்கும் பெண்ணை அறிந்தவர்கள் 15999 என்னும் தாலியான் காசே (Talian Kasih) அரசாங்க உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். அண்டை வீட்டாரும் அழைக்கலாம்.

மூன்றாம் முறை நான் தனியாகப் போனேன். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பணம் திரும்பாது, ஆறு மாதத்துக்குள் வேறு பெண்ணுக்கு அதைக் கழித்துக்கொள்ளலாம் என்றார் மேலாளர். இதைச் சொன்னபோதும் அவர் குரலில் அன்பு குறையவில்லை, தேநீரும் வந்தது. மேசைமேல் படத்தொகுப்பு விரிந்து கிடந்தது. 17 ஆம் எண்ணுக்குரிய உறை வெறுமையாக இருந்தது. கேட்டேன்.

"அந்தப் பிள்ளைய வேற குடும்பம் எடுத்துக்கிட்டாங்க டீச்சர். உங்களுக்கு வேற காட்டுறேன்" என்றார்.

அங்கிருந்து நேரே காவல் நிலையத்துக்குப் போய், ஒப்பந்தத்தின் நகலையும் ரசீதையும் வைத்துப் புகார் கொடுத்தேன். அதிகாரி இளைஞர், பொறுமையாகக் கேட்டு எழுதினார். பெண்ணின் பெயர் என்ன என்றார். நிறுவனத்தின் எந்தத் தாளிலும் அது இல்லை. அன்று காணொளியில் சந்தைக்காரப் பெண் முதலில் கேட்டது அவளுடைய பெயரையும் ஊரையும்தான். கோப்பிக் கடையில் இருந்தபோது, அதைக் காய்கறிக் கணக்கு எழுதிய தாளின் பின்புறத்தில், மேலும் கீழும் குறிகள் போட்ட வியட்நாமிய எழுத்தில் எனக்கு எழுதித் தந்திருந்தார். பையில் இருந்து அதை எடுத்து மேசைமேல் வைத்தேன். அதிகாரி தாளைத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துத் தட்டச்சு செய்தார்.